மயிலின் வலது இறக்கைக்குக் கீழே

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபியோடு ஹாலுக்கு வந்தால், என் கணவர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு மயிலின் அடிவயிற்றில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிருள்ள மயில் அல்ல. கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் எங்கள் தெருவுக்கு அந்த மயில்களும் வரும், மொட்டைமாடியில் காயப்போட்ட வடகத்தைத் தின்றுவிட்டுப் போகும். ஆனால் எந்த மயிலும் இவருக்கு இந்த அளவுக்கு இடம் கொடுத்ததில்லை. இது பித்தளை மயில். டிவிக்கு மேலே இருக்கும் தட்டில் முப்பது வருஷமாகத் தோகையை விரித்துக்கொண்டு நிற்பது. அதை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு இரண்டு பலகை போட்டு நிறுத்திவிட்டு, இவர் கீழே நுழைந்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"அளவெடுக்கறேன்."

"மயிலுக்கா?"

"பின்ன, கொக்குக்கா?"

என் கையில் காபி டம்ளர் ஆடியது. இவருடைய பதிலால் அல்ல. அதற்கெல்லாம் ஆடுவதாக இருந்தால் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர்கூட மிஞ்சியிருக்காது. அந்த டார்ச் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதுதான் என் பயம்.

போன வாரம் இந்தப் பத்தியில் இவருடைய ஸ்கூட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கட்டிய கணவரை இவ்வளவு கேலி செய்யலாமா என்று சில வாசகிகள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாரம் மனசு குளிரும். மாட்டிக்கொள்ளப்போவது நான்தான்.

ஒரு சொட்டு டீ

முதலில் இவரைச் சொல்லிவிடுகிறேன். பம்ப் கம்பெனி ஒன்றின் டிராயிங் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். கம்ப்யூட்டரிலும் வரைவார், காகிதத்திலும் வரைவார். ரிட்டயர் ஆனபின் வீட்டில் எதைப் பார்த்தாலும் அளக்கிறார். புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்னால் நின்றால், "பார்டர் இந்தப் பக்கம் கால் இஞ்ச் ஏறியிருக்குது" என்பார். இதுதான் எங்கள் வீட்டுச் சிருங்காரம்.

வேலையில் சேர்ந்த புதிதில் இவர் ஒரு படத்தின் மேல் டீ சிந்திவிட்டாராம். ஒரே ஒரு சொட்டு. அழகாக, வட்டமாகக் காய்ந்துவிட்டது. படம் கீழே ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. அவர்கள் அந்த வட்டத்தைப் பார்த்தார்கள், அளந்தார்கள், பம்ப்பின் மூடியில் அதே இடத்தில் ஓட்டை போட்டுவிட்டார்கள். நாற்பது மூடி. எல்லாவற்றிலும் டீ ஓட்டை.

யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம். படத்தில் இருந்தால் பொருளில் வரும், அவ்வளவுதான். அன்றிலிருந்து இவர் ஒரு விரதம் எடுத்துக்கொண்டார். இல்லாததை வரையமாட்டார். இருப்பதை விடமாட்டார். இது தொழிலுக்கு நல்லது. குடும்பத்துக்கு எப்படி என்று இப்போது பார்க்கப்போகிறீர்கள்.

மயில் வந்த வழி

கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். என் நங்கை அவிநாசியில் இருக்கிறார். நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது இந்த மயிலை அவர்தான் கொண்டுவந்து இறக்கினார். "எல்லாரும் சொவுத்துக் கடியாரமா குடுப்பாங்க. நான் கனமா ஒண்ணு குடுக்கறேன்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அப்போதே அந்த மயிலைப் பிடிக்கவில்லை. தோகையின் இடுக்கில் எல்லாம் தூசி அடையும். புளி போட்டுத் தேய்த்தால் அரைநாள் போய்விடும். பிடிக்கவில்லை என்று நங்கையிடம் சொல்லும் தைரியம் எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அந்த நங்கைதான் இப்போது போன் பண்ணி, தன் மகள் மஞ்சு சரவணம்பட்டியில் ஃபிளாட் வாங்கியிருப்பதாகவும், இதே மாதிரி ஒரு மயில் வார்த்துத் தர வேண்டும் என்றும் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.

"கடையில ஆயிரம் மயிலு இருக்குதேங்க" என்று நான் போனை வாங்கிக் குறுக்கே விழுந்து பார்த்தேன்.

"அவளுக்கு இதே மயிலுதான் வேணுமாமா அம்மணி. மசுரு பெசகாம வேணுங்கறா" என்றார் நங்கை.

தெரிந்த ஃபவுண்டரி இருக்கிறது, வார்த்துவிடலாம். ஆனால் அதற்கு முதலில் அளவோடு படம் வேண்டும். படம் என்று யாராவது சொன்னால் போதும், இவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவார்.

நான் செய்த காரியம்

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. இவர் வேலைக்குப் போயிருந்தார். நான் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, என் தோழியோடு எதிர்வீட்டுக்காரியின் மருமகளைப் பற்றி மிக முக்கியமான ஒரு ஆலோசனையில் இருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. மயிலை ஒற்றைக் கையால் சாய்த்து அடியைத் துடைத்தேன். கையில் புளித்தண்ணீர். வழுக்கிவிட்டது.

விழுந்த சத்தத்தில் தோழி, "என்னடி, சிலிண்டரா?" என்றாள்.

வலது இறக்கை அடியோடு கழன்று கிடந்தது. தலைக்கொண்டையில் மூன்று காம்பு இருக்கும். அதில் ஒன்று ஒடிந்து எங்கேயோ பறந்துவிட்டது. வீடு முழுக்கப் பெருக்கியும் கிடைக்கவில்லை. ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். குழாய் ஒழுகினால் அடைப்பார்களே, இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைகிற பசை, அதை வாங்கிவந்து, இறக்கையின் அடியில் அப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு சீரியல் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒட்டிக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கொண்டைக்கு மட்டும் வழியில்லை.

தீபாவளிக்கு நங்கை வந்தார். வாசலைத் தாண்டியதும் கண் மயிலுக்குப் போனது.

"ஏம்மணி, கொண்டையில ஒண்ணக் காணமே?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் பூனை என்றோ காற்று என்றோ சொல்லியிருப்பேன். வாய் தானாகச் சொன்னது: "ஆடிக்கு வந்தப்ப மஞ்சு எடுத்து வெளையாடுனாளுங்க. அப்பப் போயிருக்குமுங்க நங்கை."

மஞ்சுவுக்கு அப்போது ஐந்து வயது. கையில் முறுக்கோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். நங்கை அந்த இடத்திலேயே குனிந்து அவள் தொடையில் கிள்ளினார். குழந்தை உடனே அழவில்லை. முறுக்கை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தது. அப்புறம்தான் அழுதது.

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு நங்கையிடம் பயம், அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிராயச்சித்தமாக அடுத்த பத்து வருஷமும் மஞ்சு வரும்போதெல்லாம் தேன்மிட்டாய் வாங்கி வைத்தேன். அத்தைக்குத் தன் மேல் எவ்வளவு பாசம் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் அடுத்த முறையும் மிட்டாய்தான் வாங்கினேன், வாயைத் திறக்கவில்லை.

பதினொரு நாள்

இப்போது தெரிகிறதா என் காபி ஏன் ஆடியது என்று? அந்த டார்ச் அடித்துக்கொண்டிருந்தது சரியாக வலது இறக்கைக்குக் கீழே.

"அடிப்பக்கமெல்லாம் எதுக்குங்க? யாரு குனிஞ்சு பாக்கப்போறாங்க?"

"அடியும் மயிலுதான?"

"மேலாப்புல வரைஞ்சு குடுத்தாப் பத்தாதுங்களா?"

"ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. இவருடைய "ம்"முக்கு நான் நாற்பது அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அது எதிலும் சேரவில்லை.

அடுத்த பதினொரு நாளும் நான் பட்ட பாடு! மேட்டுப்பாளையத்துக்குப் போய் மலைக்காய்கறி வாங்கி வாருங்கள் என்று விரட்டினேன். போனார், கேரட்டோடு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வரைந்தார். கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். நல்ல யோசனை என்று போய், புதுக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இன்னும் நுணுக்கமாக வரைந்தார். மயிலைத் துண்டில் சுற்றி, ஸ்கூட்டரின் கால்மாட்டில் வைத்து மளிகைக்கடைக்குக் கொண்டுபோய் எடை போட்டுவந்தார். தோகையில் இறகுகளை எண்ணினார். ஐம்பத்து மூன்று. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லி மறுபடி எண்ணவைத்தேன். ஐம்பத்து மூன்றுதான்.

பசையைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? கேட்கவும் முடியாது. கேட்டால் நானே காட்டிக்கொடுத்தமாதிரி ஆகிவிடும். பதினொன்றாம் நாள் படத்தைச் சுருட்டி ரப்பர்பேண்ட் போட்டுவிட்டார்.

"காட்டுங்களேன்."

"அக்காவும் மஞ்சுவும் வரட்டும். எல்லாரும் சேந்து பாக்கலாம்."

சாப்பாட்டு மேஜையில்

அடுத்த ஞாயிறு வந்தார்கள். இவர் மேஜையைத் துடைத்து, படத்தை விரித்து, நாலு மூலைக்கும் உப்பு ஜாடி, ஊறுகாய் பாட்டில், சொம்பு, என் கண்ணாடிக்கூடு என்று வைத்தார். நான் உப்புமாத் தட்டோடு பின்னால் நின்று எட்டிப்பார்த்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் எனக்குப் பயமெல்லாம் போய்விட்டது.

முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து, நடுவில் வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று நாலு மயில்கள் அந்தக் காகிதத்தில் நின்றன. ஐம்பத்து மூன்று இறகுக்கும் கண். ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் மூன்று வளையம். பென்சில் கோடு முடிமாதிரி மெல்லியது, ஒன்றோடொன்று தொடவில்லை. இடது கால் வலது காலைவிடத் துளி குட்டை என்று அளவு போட்டுக் காட்டியிருந்தார். அதனால்தான் அந்த மயில் எப்போதும் ஒரு எட்டு வைக்கப்போவதுபோல நிற்கிறதாம். பழைய வேலைக்காரர் எவரோ ஒரே ஒரு இறகில் மட்டும் கண்ணைத் தலைகீழாகக் கொத்திவிட்டார். அதையும் அப்படியே போட்டிருந்தார். அலகின் ஓரத்தில் ஒரு சின்ன வளைவு. மயில் யாரையோ பார்த்துக் கிண்டலாகச் சிரிக்கிறது. முப்பது வருஷம் நான் தேய்த்த மயில் சிரிக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இப்படி ஒரு மனுஷன் ஒரு பொருளைப் பார்ப்பாரா என்று பெருமையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது, புடவை பார்டரை நினைத்து.

கொண்டையில் இரண்டு காம்பு, ஒடிந்த இடத்தில் ஒரு மொட்டை. அதைப் பார்த்ததும் மஞ்சு, "இது என்ற கைங்கரியமுங்க" என்று சிரித்தாள்.

அப்போதுதான் நங்கையின் விரல் வலது மூலைக்குப் போனது. அங்கே தனியாக ஒரு வட்டம். 'விவரம் B, ஐந்து மடங்கு' என்று எழுதியிருந்தது, சின்ன இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது.

"இதென்ன தம்பி, வெங்காயத்தக் குறுக்க அறுத்து வெச்சாப்புல?"

"கட்டைவெரல் ரேகைங்கக்கா. எறக்கைக்கு அடியில ஒட்டின பசையில பதிஞ்சிருக்குது."

வளைவு வளைவாக, ஒரு கோடு விடாமல் வரைந்திருந்தார். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. கல்யாணமான புதிதில் மாங்காய் நறுக்கும்போது பட்டது. அந்தத் தழும்போடு என் கட்டைவிரல் அப்போது உப்புமாத் தட்டின் விளிம்பில், எல்லோர் கண்ணுக்கும் எதிரில் இருந்தது.

மூன்று பேரும் படத்தைப் பார்த்தார்கள். அப்புறம் தட்டைப் பார்த்தார்கள்.

"ருக்கு, நீயா ஒட்டுனே?" என்றார் நங்கை.

"ஆமாங்க நங்கை."

நான் அடுத்த வாக்கியத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது மஞ்சுவின் கண் கலங்கியது.

"அத்தை, நான் எறக்கையவும் ஒடச்சுப்போட்டேனா? அது அம்மாவுக்குத் தெரிஞ்சா இன்னும் அடி உழுகும்னு நீங்க ஒட்டி மறைச்சீங்களா?"

நங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாரு தம்பி, இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லல. என்ற புள்ளைக்காக! உனக்கு எப்பேர்ப்பட்டவ வாச்சிருக்கறா!"

வாசகர்களே, நங்கை வாயால் பாராட்டு வாங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. நான் மறுக்கவில்லை. தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்துகொண்டேன், அடக்கமாகத் தெரியட்டும் என்று. இவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

மஞ்சு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அம்மாகிட்டச் சொல்லலீங்க. புதுசா வாக்கற மயிலு எனக்கில்லீங்க அத்தை, உங்களுக்கு. ஒடஞ்சத நான் எடுத்துட்டுப் போறேன். சின்னதுல இருந்தே நெனச்சு வெச்சிருந்தேனுங்க. யார் ஊட்டுக்குப் போனாலும் ஒரு சாமானத் தொடமாட்டேன். என்ற கை ஆகாத கைன்னு. சொந்த ஊடு வந்தும் ஒரு கண்ணாடிச் சாமான் வாங்கலீங்க."

தட்டை மேஜையில் வைத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் கண்ணு ஒடச்சேன். நீ தொடவே இல்லை. போன் பேசிட்டே தொடச்சேன், உழுந்துபோச்சு. உங்கம்மா கேட்டப்ப உன்ற பேரச் சொல்லிப்போட்டேன்."

நம்புவாள் என்றுதானே நினைப்பீர்கள்? சிரித்தாள்.

"சும்மா இருங்க அத்தை. இப்பவும் எனக்காகப் பொய் சொல்றீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. ரெண்டு கையில தூக்குனேன், அந்த ஜன்னல்கிட்ட வந்தேன், நழுவிருச்சு. டமார்னு சத்தம்கூட இன்னும் கேக்குது."

நடக்காத ஒன்றை ஜன்னலோடும் சத்தத்தோடும் அந்தக் குழந்தை இத்தனை வருஷம் சுமந்திருக்கிறது. என் ஒரு வாக்கியம் செய்த வேலை. நான் மறுபடியும் சொன்னேன். அவள் மறுபடியும் சிரித்தாள். நங்கை என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் மட்டும் பென்சில் முனையால் படத்தின் கீழ்க்கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"மஞ்சு, இதப் படி."

"எடை, எட்டுக் கிலோ நானூறு." மஞ்சு நிமிர்ந்தாள். "இது சரிதானுங்களா மாமா?"

"தூக்கிப் பாரு."

அவள் எழுந்து டிவி பக்கம் போனாள். கையைத் துடைத்துக்கொண்டாள். தட்டிலிருந்து மயிலை இரண்டு கையாலும் எடுத்தாள். தோள் இறங்கியது, வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். காலியான தட்டைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதே அவள் தோள் உயரத்துக்கு இருந்தது அது.

"நானில்லீங்களா, அத்தை?"

"நீயில்லை கண்ணு."

நங்கை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வாங்குனப்பக் கடைக்காரரே மூச்சு வாங்கித்தான் வண்டில வெச்சாரு. எனக்கு அந்தப் புத்தி வரலியே. கிள்ளிப்போட்டனே!" என்று தன் தொடையைத் தானே தட்டிக்கொண்டார். என்னை அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

திருத்தம் ஒன்று

மயிலைக் கீழே வைத்துவிட்டு மஞ்சு திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மாமா, இத இதுல எழுதுங்க."

இவர் படத்தில் எதையும் அழிக்கமாட்டார். திருத்தம் என்றால் அதற்குத் தனிக் கட்டம் உண்டு. என்ன மாறியது, ஏன் மாறியது என்று எழுத வேண்டும். சீவிய பென்சிலை எடுத்து, அச்சடித்த மாதிரி எழுத்தில் எழுதினார்: 'திருத்தம் 1. கொண்டை, விவரம் B: உடைத்தவர் ருக்மணி. காரணம்: முன்பு தவறாகச் சொல்லப்பட்டது.'

"அந்த வட்டத்த வரையாம உட்டிருக்கலாமில்லீங்க?" என்று அவர் காதருகே முணுமுணுத்தேன்.

"இருக்கறத எப்படி உடறது?"

"டார்ச் அடிச்ச அன்னிக்கே தெரியுமா?"

"ம்." பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நீயே சொல்லுவேன்னு பதினொரு நாள் இழுத்தேன். அஞ்சு நாள் வேலைதான்" என்றார்.

அப்புறம் பேனாவை என்னிடம் நீட்டினார். 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்து இருந்தது. அடுத்தது 'சரிபார்த்தவர்'. நான் போட்டேன். 'ணி' கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மூன்றாவது கட்டம் 'ஒப்புதல்'. அதில் கையெழுத்து விழுந்தால்தான் ஃபவுண்டரிக்குப் போகும். இவர் பேனாவை மஞ்சுவிடம் கொடுத்தார்.

மஞ்சு வாங்கினாள். திருத்தத்தை வாய்விட்டு ஒரு தடவை படித்தாள். மூடியைத் திருகி மூடி, பேனாவைப் படத்தின் மேலேயே வைத்துவிட்டாள்.

"படத்த நான் எடுத்துட்டுப் போறேனுங்க மாமா" என்றாள்.

மயில் எங்கள் வீட்டுத் தட்டிலேயே இருக்கிறது. படம் இப்போது சரவணம்பட்டியில் அவள் வீட்டு ஹாலில், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சட்டத்துக்குக் கண்ணாடி போடவில்லை. கேட்டதற்கு, கையெழுத்துப் பாக்கி இருக்கிறதே என்றாள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இறகுகளைப் பார்த்து அசந்துபோகிறார்கள். அப்புறம் அந்த வட்டத்தைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார்கள். அவள் சொல்கிறாள். முழுதாகவே சொல்கிறாள்.

போன மாதம் போயிருந்தேன். அவள் காபி போட உள்ளே போனபோது எழுந்துபோய்ப் பார்த்தேன். மூன்றாவது கட்டம் காலியாகத்தான் இருந்தது. டம்ளரோடு வந்தவளிடம், என்னிடம் பேனா இருக்கிறது என்று காட்டினேன்.

"என்ன அவசரமுங்க அத்தை?" என்றாள், காபியை என் கையில் கொடுத்தபடி. "நான் இருபத்தெட்டு வருஷம் பொறுத்தேனுங்களே."